சிறுதேரின் இயந்திரம் எங்கே? ஒரு சாஸ்திர விசாரணை

பொம்மை வண்டிகளை ஆராயப் புகுந்தவர்கள் அவற்றின் சக்கரத்தையும் அச்சையும் வர்ணத்தையும் அளந்து குறித்தார்களேயன்றி, அவற்றை ஓட்டும் இயந்திரம் எங்கே இருக்கிறது என்ற மூலப் பிரச்னையைத் தீண்டாமல் விட்டது, கனமான விஷயங்களில் அறிஞர்களுக்கு இயல்பாக உள்ள அலட்சியத்தையே காட்டுகிறது. அது குழந்தையின் வாயில் இருக்கிறது என்பதே நமது சித்தாந்தம். 'டுர்ர்ர்' என்னும் நாதம் நின்ற கணமே வண்டியும் நின்றுவிடுவதை எவரும் தம் வீட்டுக் கூடத்திலேயே பிரத்தியட்சமாகக் காணலாம்.

ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சுடுமண் வண்டிகள் அகப்பட்டன. ஓசை மண்ணில் புதைந்து கிடக்கும் வஸ்து அல்லவாகையால், இயந்திரம் அகப்படாததற்கு அகழ்ந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பட்டினப்பாலையைப் படித்தவர்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர், உலர்த்திய உணவைக் கவர வந்த கோழியின்மேல் எறிந்த கனத்த காதணி, சிறுவர் குதிரையின்றி உருட்டி வந்த மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்ததாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். 1886ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கும் சக்கரங்கள் மூன்றுதாம், குதிரை பூஜ்யந்தான். ஆதலால் மோட்டார் வண்டியைக் கண்டவன் தமிழனே என்று முழங்க நமக்கும் ஆசை உண்டாயினும், அந்தத் துறையில் ஏற்கெனவே போட்டி மிகுதி.

இங்கே பூர்வபட்சி குறுக்கிட்டு, 1920இல் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி விற்கத் தொடங்கிய ரயில் வண்டிகள் சாவி கொடுத்தால் தாமே ஓடினவே, அவற்றுக்கு வாய் எதற்கு என்பார். எந்தச் சாவிப் பொம்மைக்கும் உள்ளிருக்கும் வில் ஒருநாள் முறிந்தே தீரும். அதன் பிறகும் வண்டி ஓடுவதையும், முன்னைவிட வேகமாகவும், சாவி அறியாத மாடிப்படி, தலையணை, பாட்டியின் முதுகு முதலிய மார்க்கங்களிலும் ஓடுவதையும் அவர் கவனித்ததில்லை போலும். லண்டனில் பொம்மை செய்துவந்த ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று தம் மகளின் பள்ளியில் விதித்திருந்தமையால், சாலை உருளை ஒன்றை அந்த அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தார் என்பது 1953இல் தோன்றிய மாட்ச்பாக்ஸ் வண்டிகளின் பூர்வோத்தரம். வண்டியை அளந்த அந்தப் பள்ளியாருக்கு இயந்திரத்தைச் சோதிக்கத் தோன்றவில்லை.

இனி, அதே வண்டிகளைப் பெட்டி பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைத்து, விலை ஏறுமென்று காத்திருக்கும் பெரியவர்களின் சேகரங்கள் எஞ்சுகின்றன. நாதம் இன்மையால் அவை வாகன வர்க்கத்தில் சேரா. அவற்றை உலோகவியலார் கவனித்துக்கொள்வார்கள்.