தீவகத்து வீட்டுத் தியேட்டர் புராணம்

யாழ்ப்பாணத்துச் சரித்திரம் எழுதியவர்கள் எல்லாரும் ராசாக்களைப் பற்றியே எழுதினார்கள். யார் கோட்டை பிடித்தான், யார் வரி போட்டான், யார் யாருடைய தலையை வாங்கினான் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பொழுதுபட்ட பிறகு சனம் என்ன பார்த்தது, என்ன கேட்டது என்று ஒரு வரி கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே இப்புராணம்.

ரீவிக்குக் கீழே ஒரு சின்னக் கொம்பியூட்டரை வைத்து, படம், பாட்டு, கலியாண அல்பம் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கி, விறாந்தையையே தியேட்டராக்கும் வித்தையை 2005 அளவில்தான் கண்டுபிடித்ததாக உலகம் சொல்லித் திரிகிறது. சுத்தப் பொய். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வாழும் தீவகத்தார் இந்த வேலையில் இறங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. படம் எங்களுக்கு எந்தக் காலத்திலும் கடல் தாண்டி வந்துவிடும். கதிரையும் கரண்டும்தான் பிரச்சினை.

நயினாதீவுப் படலம்

தூக்கத்தில் கிடந்த மணிமேகலையைத் தெய்வம் தூக்கிவந்து மணிபல்லவத்தில் இறக்கிவிட்டுப் போனது. மணிபல்லவம் நயினாதீவுதான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்வார்கள். நயினாதீவார் ஆராய்ச்சி செய்யாமலே அதை அறிவார்கள். விழித்த பிள்ளை கரையோரம் நடந்துபோய் ஒரு பீடிகையைக் கண்டது. கண்ட மாத்திரத்தில் போன பிறப்பு முழுக்கக் கண்முன் ஓடத் தொடங்கிவிட்டது: தான் இலக்குமி, புருசன் இராகுலன், அவன் பாம்பின் நஞ்சால் செத்தது, தான் தீப்பாய்ந்தது. விளம்பரம் இல்லை, மாதச் சந்தா இல்லை. ஆர் போய் நின்றாலும் அவரவருடைய சொந்தப் படம்தான் ஓடும். இந்த வசதி இன்றுவரை எந்தக் கம்பனியிடமும் இல்லை. பீடிகையைப் பார்த்துக்கொள்ள இந்திரன் தீவதிலகையை நியமித்திருந்தான். ஆகவே, தீவகத்தின் முதல் ஒப்பரேற்றர் ஒரு பெண்.

இப்பேர்ப்பட்ட சாமான் இருக்கும் இடத்தில் சண்டை வராமல் இருக்குமா? பீடிகை தனக்கே என்று இரண்டு நாக அரசர்கள் படை திரட்டினார்கள். மகாவம்சம் பெயரும் முறையும் தருகிறது: மாமன் மகோதரன், மருமகன் சூளோதரன். ஒரு கதிரைக்காக மாமனும் மருமகனும் யுத்தத்துக்குப் போனதைப் படித்து வெளியூரார் வியக்கலாம். எங்கள் கலியாண வீடுகளில் முன்வரிசைக்கு நடப்பதைப் பார்த்தவர்கள் வியக்க மாட்டார்கள். கடைசியில் புத்தர் நேரே வந்து சமாதானம் சொல்ல, இருவரும் ஆசனத்தை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்களுடைய கதிரைச் சண்டை எதையும் தீர்க்க அந்தத் தரத்தில் ஒருவரும் வரவில்லை.

ஒல்லாந்தர் படலம்

1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தருக்குக் கடுமையான வீட்டு நினைவு. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், வேலணைக்கு லைடன் என்று தங்கள் ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒட்டினார்கள். அனலைதீவில் வலை உலர்த்திக்கொண்டு நின்றவருக்குத் தான் ரொட்டர்டாம்வாசி ஆன விசயம் கடைசிவரை தெரிந்திருக்காது. ஒட்டியதில் டெல்ஃப்ட் மட்டும் கழலாமல் நின்றுவிட்டது.

அந்த நெடுந்தீவில் பவளக்கல்லால் கட்டிய புறாக்கூடு ஒன்று இன்னும் நிற்கிறது. யாழ்ப்பாணக் கோட்டைக்குச் செய்தி கொண்டுபோன புறாக்கள் அதில்தான் இருந்தன என்பது ஊர்க்கதை. சமைப்பதற்காகத்தான் வளர்த்தார்கள் என்று ஒருவர் குறுக்கே பேசக்கூடும். செய்தி கொண்டுபோன புறா திரும்பி வந்த பிறகு கறிச்சட்டிக்குப் போவதில் ஒல்லாந்தக் கணக்குப்பிள்ளைக்கு என்ன ஆட்சேபம் இருந்திருக்கும்?

வயரில்லாத் தகவல் சேவை என்றால் இதுதான். சிரிப்பவர்கள் 2009 செப்டெம்பரில் தென்னாபிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். இன்ரநெற் வேகத்தில் வெறுத்துப்போன கம்பனி ஒன்று, 4 ஜிகாபைற் மெமரி அட்டையை வின்ஸ்ரன் என்ற புறாவின் காலில் கட்டி ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்துக்கு விட்டது. அதே தகவலை வயரிலும் அனுப்பியது. புறா பறந்துபோய்ச் சேர, அட்டையில் இருந்ததைக் கொம்பியூட்டரில் ஏற்றியும் முடித்தார்கள். அப்போது வயரில் நூற்றுக்கு நாலு வீதம்தான் போயிருந்தது. எங்கள் புறாக்கூட்டைப் பாழடைந்த கட்டடம் என்று எழுதும் சுற்றுலாப் புத்தகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வானொலிப் படலம்

1925 இல் கொழும்பு வானொலி தொடங்கியது. அதற்கு முந்திய பரீட்சார்த்த ஒலிபரப்புக்கு, முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வயர்லெஸ் சாமான்களைக் கழற்றிப் பூட்டினார்கள். பழைய சாமானைப் பிரித்துப் புதுக்கருவி செய்யும் கலை இலங்கையில் வெள்ளைக்காரன் காலத்திலேயே அரசாங்க அங்கீகாரம் பெற்றுவிட்டது.

பிறகு இந்தியாவே உதவி செய்தது. 1952 இல் அமைச்சரான கேஸ்கர், சினிமாப் பாட்டு சனத்தின் ரசனையைக் கெடுக்கும் என்று அகில இந்திய வானொலியில் அதன் கழுத்தை நெரித்தார். கெட்டுப்போகத் தயாராக இருந்த கோடிக்கணக்கான இந்தியர்கள் அப்படியே இலங்கை வானொலிப் பக்கம் றேடியோவைத் திருப்பினார்கள். அறிவிப்பாளர் மயில்வாகனனும் பின்னாளில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளை இங்கிருந்தே ஆண்டார்கள். தீவகத்தாருக்கு இதில் தனிப் பெருமை. படம் இந்தியாவில் எடுத்தது, பாட்டு இந்தியாவில் பாடியது, ஆனால் இந்தியாக்காரன் அதைக் கேட்க எங்கள் கரையைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து றேடியோவுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். நாய்க்கும் லைசென்ஸ் வேண்டும். இரண்டும் விடாமல் சத்தம் போடுவதால் சட்டம் இயற்றியவர் குழம்பியிருக்கலாம்.

அன்ரனாப் படலம்

1975 இல் சென்னையில் தூரதர்சன் தொடங்கியபோது அது சென்னையாருக்கு என்றுதான் டெல்லி நினைத்தது. யாழ்ப்பாணம் அப்படி நினைக்கவில்லை. இரும்புக் குழாயின் மேல் குழாய் பூட்டி, பனையையும் தாண்டி அன்ரனாவை உயர்த்தினார்கள். கடலின் மேல் சூடான காற்றுப் படலம் படிந்து கிடக்கும் இரவுகளில் அலைவரிசை அதில் பட்டு வளைந்து வெகுதூரம் வரும். இந்தப் பௌதிகத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத பெடியனும், காற்று விழுந்த புழுக்கத்தில் முதுகைச் சொறிந்துகொண்டே, "இண்டைக்கு நல்லா இழுக்கும்" என்று சரியாகச் சொன்னான்.

அன்ரனாக் குழாயைப் பிடித்துத் திருப்ப ஒருவன் வெளியே, ரீவிக்கு முன்னால் மற்றவர்கள் உள்ளே. "தெரியுதோ?" "இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பு." "இப்ப?" "இப்ப இருந்ததும் போச்சு!" வெளியே நின்றவன் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. தீவகத்தின் முதல் றிமோட் கொன்றோல் அவன்தான். பற்றரி தேவையில்லை, ஆனால் திருப்பிப் பேசும்.

1987 தொடக்கம் ஞாயிறு காலையில் இராமாயணம் ஓடியது. ஹிந்தி ஒருவருக்கும் விளங்காது. கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அது குறையாகப் படவில்லை. ரீவியில் ராமர் இலங்கைக்குப் படை நடத்துவதற்கு முந்தியே, அந்த யூலைக் கடைசியில், இந்தியப் படை உண்மையாகவே வந்து இறங்கியது. எது தொடர், எது செய்தி என்று ஆச்சிமார் கேட்டபோது படித்தவர்களாலும் பதில் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளில் இந்தியா ராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரத்துக்கு ஒலிபரப்புக் கோபுரம் கட்டியது. குழாய் பூட்டும் போட்டியில் நாங்கள் தோற்றது அப்போதுதான்.

டெக்குப் படலம்

வீடியோ டெக் வந்த பிறகு தியேட்டர் உண்மையாகவே வீட்டுக்கு வந்தது. ரீவி, டெக், ஜெனறேற்றர், நாலு கசற் எல்லாம் ஒரு இரவு வாடகைக்கு. முதலில் சாமிப் படம். அது முடிய முதியவர்கள் எழும்பிப் போவார்கள் என்பது ஏற்பாட்டாளரின் கணக்கு. முதியவர்கள் போகமாட்டார்கள். விடியும்வரை ரஜினியையும் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போனது படங்களால்தான் என்று சொல்லிக்கொண்டு எழும்புவார்கள்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. அந்த ஓகஸ்டில் இராணுவம் தீவுப் பகுதியில் இறங்க, சனத்தில் பெரும்பங்கு பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணப் பக்கம் வந்து சேர்ந்தது. பற்றரியும் பெற்றோலும் தடைசெய்யப்பட்ட சாமான்களாகின. ஜெனறேற்றரைத் துளி பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து உயிர்ப்பித்தார்கள். அதுவும் முடியாத நாளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் றேடியோவைக் கொழுவி, பெடியனை மிதிக்கும் கட்டையைக் கையால் சுழற்றவிட்டார்கள். பிபிசி தமிழோசையும் மணிலாவில் இருந்து வந்த வெரித்தாசும் அப்படித்தான் எங்களை எட்டின. உலகின் மற்ற இடங்களில் செய்தியைத் தணிக்கை செய்தது அரசாங்கம். எங்களிடம் அந்த அதிகாரம் பத்து வயதுப் பிள்ளையின் கையில் இருந்தது. கை வலித்தால் சமாதானப் பேச்சுவார்த்தை பாதியில் நின்றுவிடும்.

பெட்டிப் படலம்

2005 சனவரியில் அப்பிள் கம்பனி மாக் மினியைக் காட்டியது. பதினாறரை சென்ரிமீற்றர் சதுரம், ஐந்து சென்ரிமீற்றர் உயரம், 499 டொலர். திரை, கீபோர்ட், மௌஸ் ஒன்றும் தரமாட்டார்கள். படிப்பு மேசைக்கு என்று செய்ததை வாங்கியவர்களில் பலர் ரீவிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த வருசம் கம்பனியே தோற்றதை ஒத்துக்கொண்டு றிமோட்டும் சேர்த்து விற்றது. இன்னொரு பக்கம் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டியை உடைத்துப் படம் காட்டப் பழக்கிய சிலரின் மென்பொருள் 2014 இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2012 இல் 35 டொலருக்கு ராஸ்பெரி பை வந்தது. ஒரு வங்கி அட்டை அளவுதான். ஆனால் பழைய குண்டு ரீவிக்கான மஞ்சள் துவாரமும் அதில் இருந்தது. பழைய ரீவியை எறிய மனமில்லாத சமூகத்தை அறிந்த யாரோ செய்த வேலை அது.

இவற்றில் ஏதோ ஒன்று ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்து சூட்கேசில் வந்து இறங்கும். கொண்டுவந்த மருமகன் பூட்டிக் காட்டிவிட்டு மூன்றாம் கிழமை விமானம் ஏறிவிடுவார். பிறகு பெட்டி எங்கள் வழக்கப்படி ஷோகேசில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இடம்பெறும். தூசி படாமல் ஆச்சி அதன்மேல் பூவேலைத் துணி போர்த்துவார். காற்றுப் போகும் வழி அடைபட்டு அது கொதிக்கும். விசிறி உள்ள பெட்டி என்றால் உப்புக்காற்றை உறிஞ்சித் துருப்பிடிக்கும். விசிறியில்லாததே தீவுக்கு ஏற்றது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

ஆனால் ஒரு விசயத்தில் இந்தச் சின்னப் பெட்டி எங்களுக்கென்றே பிறந்தது. நெடுந்தீவு தேசிய மின்வலையில் இல்லை. டீசல் ஜெனறேற்றரில் ஓடுகிறது. பெரிய கொம்பியூட்டர் நூறு வாற்றுக்கு மேல் கேட்கும் இடத்தில் ராஸ்பெரி பைக்குப் பத்து வாற்று தாராளம். சோலர் தட்டு ஒன்றும் கார் பற்றரி ஒன்றும் இருந்தால் பெட்டி மட்டும் இரவு முழுக்க விழித்திருக்கும். ரீவிதான் பெருந்தீனிக்காரன்.

படம் எப்படி வந்து சேரும்? படகில். 2 ரெராபைற் ஹார்ட் டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குறிகட்டுவானில் ஏறுபவர் சுமார் ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவில் இறங்குவார். கணக்குப் போட்டால் நொடிக்கு 4 ஜிகாபிற்றுக்கு மேல். தீவு வீட்டில் எந்த இணைப்பை இழுத்தாலும் இந்த வேகம் வராது. கடல் கொந்தளித்தால் மட்டும் சேவை தற்காலிகமாக நிறுத்தப்படும். பயணி வாந்தி எடுத்தாலும் தகவல் பழுதாகாது.

வல்லரசுப் படலம்

மிச்சம் இருந்தது கரண்ட். 2021 சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் செய்யும் வேலையைச் சீனக் கம்பனிக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை முடிவெடுத்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டச் சீனன் பல்ப் பூட்டுவதா என்று இந்தியா துள்ளியது. அந்த டிசெம்பரில் மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாதம் தூதுவர் நேரில் வந்து வேட்டி கட்டி நல்லூரில் கும்பிட்டார். முருகன் அணிசேரா நாடுபோல் இரு தரப்புக்கும் சம தூரத்தில் நின்றார்.

இந்தியா 11 மில்லியன் டொலரை நன்கொடையாகத் தருவதாகச் சொல்ல, 2024 மார்ச் முதலாம் திகதி இந்தியக் கம்பனியுடன் ஒப்பந்தமானது. 1700 கிலோவாற்று சோலர், 530 கிலோவாற்று காற்றாலை, 2400 கிலோவாற்று மணி பற்றரி. இவ்வளவும் பொய்த்தால் என்ன செய்வது என்று 2500 கிலோவாற்று டீசலும் திட்டத்தில் இருக்கிறது. திட்டம் போட்டவர் தீவகத்தில் கொஞ்ச நாள் இருந்திருப்பார் போல.

இரண்டு வல்லரசும் இவ்வளவு முட்டி மோதி அனுப்பப்போகும் மின்சாரத்தில் நெடுந்தீவுப் பெட்டிக்குள் என்ன ஓடும் என்று உளவுப் பிரிவினருக்கு ஒரு கவலை இருக்கலாம். அவர்கள் அலைய வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ரொறன்ரோவில் நடந்த சாமத்தியவீட்டு வீடியோ. நாலு மணித்தியாலம், அதில் முக்கால் மணித்தியாலம் வாசலில் வந்திறங்கும் கார்கள். ஒட்டுக்கேட்க விரும்பும் நாடு எதுவானாலும் ஆச்சிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து முழுவதையும் பார்க்கலாம். இடையில் எழும்பிப் போக மட்டும் விடமாட்டார்.