பைசா செலவில்லாமல் நன்றி சொல்லி நூறாண்டு வாழ்வது எப்படி?

நன்றியுணர்ச்சி உடம்புக்கு நல்லது. நான் சும்மா சொல்லவில்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-லேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். மாணவர்களில் ஒரு குழு வாராவாரம் நன்றிக்குரிய விஷயங்களை எழுதியது. இன்னொரு குழு எரிச்சல்களை எழுதியது. நன்றி எழுதியவர்களுக்கு உடல் உபாதை குறைந்திருந்தது. 2024-ல் வந்த இன்னொரு ஆய்வு, வயதான நர்ஸுகள் 49 ஆயிரம் பேரைக் கவனித்தது. நன்றியுணர்ச்சி மிகுந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 9 சதவீதம் குறைவாம். கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியோடு பார்த்தால் கம்மிதான். ஆனாலும் சும்மா வருவதை விடுவானேன்?

1. நல்ல நோட்டாக ஒன்று வாங்குங்கள். அட்டை தடிமனாக இருக்கட்டும். இந்தப் பயிற்சியில் உங்கள் கைக்காசு போகிற ஒரே இடம் இதுதான்.

2. பட்டுப்புடவை எடுக்க ஆரணிப் பக்கம் தேவிகாபுரம் போங்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறீர்கள், எப்படியும் போகத்தான் போகிறீர்கள். "தறியிலயே வாங்கிட்டா பாதி விலை" என்று சித்தி சொல்லி அனுப்பியிருப்பார். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதைப் பேரம் முடியும்வரை மறந்திருங்கள். சம்பந்தி வீட்டில் புடவையைப் பிரிக்கும்போது ஞாபகத்துக்கு வந்தால் போதும்.

3. தறிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். நெசவாளர் இடுப்புவரை குழிக்குள் இருப்பார். கால் மிதிகட்டையில், கை நாடாவில், கண் ஜரிகையில். பக்கத்தில் அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். புதுப் பாவு வந்தால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய பாவோடு பிணைப்பவரும் அநேகமாக அவர்தான். அதற்குத் தனிக் கூலி கிடையாது. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். இப்போது நோட்டைத் திறந்து எழுதுங்கள்: "என் முழங்கால் நன்றாக இருக்கிறது. நன்றி." பார்த்தீர்களா, அதற்குள் மனசு லேசாகிவிட்டது.

4. பேரத்தை ஆரம்பியுங்கள். அவர் சொன்ன விலையில் ஆயிரம் குறையுங்கள். "இன்னா சார், கூலியே கட்டாது" என்பார். இன்னொரு ஐந்நூறு குறையுங்கள். குறைத்த தொகையை நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றிக்குரிய விஷயங்கள் துல்லியமாக இருக்க வேண்டும் என்று நிபுணர்களே சொல்கிறார்கள்.

5. அவர் விட்டுக்கொடுத்த காசுக்குப் பதில் வாயால் நன்றி சொல்லுங்கள். தாராளமாக. "உங்க கையில கலைமகள் குடியிருக்காங்க" என்று சொல்லலாம். கலைமகள்தான், திருமகள் என்று வாய் தவறிவிடப்போகிறது.

6. அவருக்கும் நன்றியுணர்ச்சியைக் கற்றுக்கொடுங்கள். இந்தப் படியை யாரும் விடுவதில்லை, நீங்களும் விட வேண்டாம். இடுப்பு வலி என்றால், "இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படுங்க" என்று தட்டிக்கொடுங்கள். நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20) நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரத்துக்குள்தான் சம்பாதிக்கின்றன. எண்ண வேண்டிய பாக்கியங்கள் அவ்வளவு குறைவாக இருந்தால் சீக்கிரம் எண்ணி முடித்துவிட்டுத் தறியில் உட்காரலாமே.

எதிர்த்துப் பேசினாலும் பேசுவார். ஊர் மலைமேல் கனககிரீஸ்வரர் இருக்கிறார். கிழங்கு தோண்டிய வேடனின் ஆயுதம் பட்டுக் காயமானதால் அவருக்கு வெந்நீர் அபிஷேகம் என்பது தலபுராணம். "சாமிக்கே வலிக்கு வெந்நீர் ஊத்துறோம், எனக்கு மட்டும் நோட்டா?" என்று நெசவாளர் கேட்டால், சாமி நன்றி நோட்டு எழுதாததால் வந்த வினை என்று சொல்லிச் சமாளியுங்கள்.

7. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். ஸ்டேட்டஸ் வையுங்கள், அந்தப் புடவையோடே. மத்திய அரசைப் பாருங்கள்: 2015 முதல் இந்த நாளைக் கொண்டாடுகிறது; 2020-ல் கொண்டாட்டத்துக்குச் சில நாள் முன்னால் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது; கொண்டாட்டத்தை விடவில்லை. அந்த மனப்பக்குவம் உங்களுக்கும் வர வேண்டும்.

8. பாக்கிப் பணம். "கல்யாணம் முடிஞ்சதும் ஜிபே பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். அவர் போன் செய்வார். எடுக்காதீர்கள், பிரஷர் ஏறும். பிறகு "சார், பாவு வாங்கணும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுவார். கும்பிடும் கை மூன்று அனுப்புங்கள். பட்டுப்புடவைக்காரர் என்று சேமித்திருந்த பெயரை மாற்றி, "எடுக்க வேண்டாம் 2" என்று வையுங்கள். படுக்கும் முன் நோட்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள். எம்மன்ஸ் ஆய்வில் 21 நாள் இப்படி எழுதிய நோயாளிகளே கூடுதலாகத் தூங்கினார்கள். உங்களுக்கு என்ன கேடு? போனை மட்டும் சைலன்ட்டில் போட்டுவிட்டுப் படுங்கள். அங்கே அவர்கள் விடியுமுன்பே எழுந்துவிடுவார்கள்.