எரியட்டும், எடுத்துக்கொள்ளலாம்

குன்னத்து வாடகைக் குடித்தனக்காரரின் நிதானத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. தீப்பிடிக்காத வீட்டுக்கு எதற்கு இன்சூரன்ஸ்? பசிக்கும் முன்பே இட்லி பார்சல் வாங்குவாரா யாராவது? முதலில் எரியட்டும். எவ்வளவு எரிந்தது என்று தெரிந்தால்தானே எவ்வளவுக்குப் பாலிசி எடுப்பது என்று தெரியும்! வருமுன் காக்கச் சொன்ன வள்ளுவர் வாடகை வீட்டில் இருந்ததாகத் தகவல் இல்லை.

2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்றொரு பாலிசி நாடெங்கும் விற்கிறது. வாடகைக்கு இருப்பவர் கட்டடத்தை விட்டுவிட்டு, கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், டிவிக்கு மட்டும் எடுக்கலாம். நம்மவர் ஏமாறுவாரா? செல்போனுக்கு டெம்பர்டு கிளாஸ், அதற்கு மேல் ஒரு கவர். பைக்குக்கும் பாலிசி உண்டு. பெரம்பலூர் போகிற வழியில் போலீஸ் நிற்குமே. பீரோவை யார் மடக்கிப் பேப்பர் கேட்கிறார்கள்?

வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை வேறு. பார்த்துக்கொள்வார். அவரிடம் பாலிசி இருந்தால் அது சுவருக்குப் பணம் தரும். சுவரோரம் நின்ற உங்கள் பீரோவுக்குத் தராது. சுவரில் படிந்த கரிக்கு அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

இதையும் மீறி யாராவது பாலிசி எடுத்துவிட்டால், ஒரு ஷரத்தைக் கவனிக்கவும். அடிப்படைப் பாலிசியில் திருட்டுக்கும் இழப்பீடு உண்டு. ஆனால் முதலில் தீயோ வெள்ளமோ வர வேண்டும். அதைச் சாக்கிட்டுத் திருடன் 7 நாளுக்குள் வந்தாக வேண்டும்.

குன்னம் வட்டாரத் திருடர்கள் தேதி பார்த்து ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.