லப்டொப் வைத்தியர்

லப்டொப் வைத்தியர் என்பவர் சிட்னித் தமிழரிடையே, குறிப்பாக ஸ்ட்ராத்ஃபீல்ட், ஹோம்புஷ் பக்கத்து அடுக்குமாடிகளில் காணப்படும் ஓர் இனம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தொழில் கணக்காளர் அல்லது சிவில் என்ஜினியர். கணினித்துறையில் இருப்பது அபூர்வம். "அண்ணையிட்டைக் குடுத்துப் பாருங்கோ" என்பதே இவருடைய பட்டம். பெண்டில் ஹில், டூங்கேபிக்காரரும் ஒரே ரயிலில் வந்து இறங்கலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளி மடிக்கணினிகளுக்குக் குறைவில்லை.

நோயாளிகளில் சுவாரசியமானது, ஏற்கெனவே இவர் கைபட்டுப் போய்த் திரும்பி வருவது. தேத்தண்ணி சிந்திய கீபோர்டை மாற்றிக் கொடுத்திருப்பார். புதியது கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மச்சான் வாங்கி அனுப்பியது. மூன்றாம் நாள் ஃபோன் வரும்: "அண்ணை, வயரைச் செருகினா வேலை செய்யுது. சார்ஜ் மட்டும் ஏறுதில்லை." வைத்தியர் பார்க்காமலே சொல்லிவிடுவார்: "பற்றரி செத்துப்போச்சு தம்பி." போன கிழமைவரை நாலு மணித்தியாலம் ஓடிய பற்றரி இவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தா சாகவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மரியாதை.

மடிக்கணினி நேரில் வந்ததும் முதல் சந்தேகம் சார்ஜர்மேல் விழும். பிஸ்கட் டின் நிறைய இவரிடம் பழைய சார்ஜர்கள் உண்டு. டெல் மடிக்கணினிகளின் வட்டச் செருகியில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜர் யாரென்று மடிக்கணினிக்குச் சொல்வது அதுதான். அது முறிந்தால் மடிக்கணினி ஓடும், பற்றரி ஏறாது. இதை விளக்கும்போது வைத்தியர் உண்மையிலேயே கெட்டிக்காரர். ஆனால் 65 வாட் கேட்கும் மடிக்கணினிக்கு 18 வாட் ஃபோன் சார்ஜரைச் செருகி, "சார்ஜர் எண்டால் சார்ஜர்தானே" என்பவரும் இவரே.

அடுத்தது, வயரைக் கழற்றிவிட்டு பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தல். கண்ணை மூடி, நாடி பார்ப்பதுபோலச் செய்வார். எஞ்சிய மின்சாரம் வடிந்து, சார்ஜ் ஏற்றத்தை மேற்பார்க்கும் சில்லு புதிதாகத் தொடங்கும் என்பதால் இது சிலவேளை பலிப்பதும் உண்டு. லெனோவோ என்றால், 60 வீதத்தோடு நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாட்டை மகன் போட்டுவைத்திருப்பான். அதை அணைத்துவிட்டு ஒரு நோயைக் குணப்படுத்திய கணக்கில் எழுதிக்கொள்வார்.

ஒன்றும் பலிக்காவிட்டால் திரையைக் காட்டுவார். "பாத்தியளோ, பற்றரியே இல்லையெண்டு சொல்லுது!" பிறகுதான் திருப்புளி. அடிமூடி கழன்றதும் விஷயம் வெளிச்சம்: கீபோர்ட் மாற்றும்போது கழற்றிய பற்றரி வயரின் செருகி ஒரு மில்லிமீற்றர் வெளியே நிற்கும். வைத்தியர் விரல்நுனியால் அழுத்துவார், கிளிக் என்று ஒரு சத்தம், சார்ஜ் விளக்கு எரியும். "உள்ளுக்குத் தூசி" என்பார், நிமிராமல்.

பற்றரி வீங்கியிருந்தால் மட்டும் கைவைக்கமாட்டார். சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டியில் போடாமல், வீங்கிய பற்றரியை ஏற்கும் சேகரிப்பு இடத்தில் கொடுக்கச் சொல்வார். அது சரியான புத்தி.

திருத்தவேலை ஒழுங்காக இல்லையென்றால் கடைக்காரர் மேலதிகக் காசு கேளாமல் சரிசெய்யவேண்டும் என்பது 2011 முதல் நடைமுறையிலுள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். வைத்தியரோ காசே வாங்குவதில்லை. இரண்டாம் முறை வருபவர்கள் ஆட்டிறைச்சிக் கறியோடு வருகிறார்கள்.