புதுப்பாட்டு மாமா

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்குகிறவரிடம் மற்றவர்கள் "எங்கேருந்து வாறீங்க?" என்று கேட்பார்கள். புதுப்பாட்டு மாமா கேட்பது, "வழியில என்ன பாட்டுப் போட்டாங்க?"

இலங்கை மலையகத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஒருவர் இருப்பார். பாட வராது, வாத்தியம் எதையும் தொட்டதில்லை. தனக்குத் தெரியாமல் ஒரு பாட்டு ஊருக்குள் நுழைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட ஆள் வந்தால் பூசாரிக்கு முன்னால் மாமா போய் நிற்பார்.

மெட்டு பிடிபட்டு வரி பிடிபடாத நாளில் அவரிடம் அகப்பட்டவர் பாடு திண்டாட்டம். கொழுந்து நிறுக்கிற இடமானாலும் சரி, சாவு வீடானாலும் சரி, "னன்னன னன்னா... தம்பி, இது என்ன பாட்டு?" அவர் வாயில் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுத்தான். பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலியைத் திறந்து ஒரு பையன் போனை நீட்டினான். மாமா முனகினார். போன் வெகுநேரம் சுற்றிவிட்டுக் கையை விரித்தது. "ஞானம் பத்தாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவருக்கு ஞானம் தந்தது இலங்கை வானொலி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்லும்போதே துண்டு இடுப்புக்கு வந்துவிடும். 1952-இல் இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்துதான் நிலைமை மாறியது. இடையில், சென்னையில் பதிவான பாட்டைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கொழும்பிலிருந்து கேட்டார்கள். மாமா சொல்லிக் கேட்டால், அந்தப் பாட்டெல்லாம் வட்டகொடையில் இறங்கி ரயில் மாறித்தான் ராமேஸ்வரம் போனதாகத் தோன்றும்.

தலவாக்கலை பஸ்ஸில் சூரியன் எஃப்.எம்.மோ சக்தி எஃப்.எம்.மோ பாடிக்கொண்டு வரும். ஒரு வளைவில் மலை குறுக்கிட்டதும் எஃப்.எம். கரகரத்து, சிங்கள ஸ்டேஷன் ஒன்று உள்ளே புகும். டிரைவர் கை வைத்தால், "அண்ணே, கொஞ்சம் பொறுங்க!" சிங்களப் பாடகர் எச்.ஆர். ஜோதிபால மாமாவுக்கு அறிமுகமானது இப்படி ஒரு வளைவில்தான். ஜோதிபாலவின் பாட்டுகளில் பல இந்தி மெட்டில் அமைந்தவை. பின்னொரு நாள் அசல் இந்திப் பாட்டைக் கேட்ட மாமா, பம்பாய்க்காரன் நம்ம நாட்டு மெட்டைத் திருடிவிட்டான் என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க நியாயம் பேசினார்.

வானொலிக்குத் தபாலட்டை எழுதிப் பழகிய கை அது. அட்டையில் பாட்டின் பெயர் ஒரு வரி, விரும்பிக் கேட்பவர்கள் பெயர் மீதி முழுக்க. இன்று வாட்ஸப்பில் பாட்டு அனுப்பினாலும் முதலில் குரல் பதிவு: மேட்டு லயத்திலிருந்து அத்தை, சித்தப்பா, கொழும்பில் கடையில் நிற்கும் மருமகன், பேரன் பேத்திமார்... பெயர்கள் முடிவதற்குள் டேட்டா முடிந்துவிடும்.

யூடியூப் தானாக அடுத்த பாட்டைப் போடுவதில் மட்டும் அவருக்குக் கோபம். "யாருமே கேக்காம போடுறதுக்குப் பேரு நேயர் விருப்பமா?" இந்த ஒரு விஷயத்தில் நானும் மாமா கட்சி.

வட்டகொடைப் பக்கம் வருகிறவர்கள் இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் அவர் காதுக்குப் போய்விடும். பாட்டு முடிந்த பிறகும் உடனே திரும்பி வராது.