மேட்டூர் திறக்கும்வரை ஆட்டம்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடக் கால்பந்துக்கு வரலாறு எழுத வருகிறவர், தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடக்கும் கோப்பை அலமாரியைத் திறக்கும் முன் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறந்து, தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து வெண்ணாற்றிலும் புது ஆற்றிலும் இறங்கி, எங்கள் தெருக்கோடி வாய்க்காலில் நுரையும் சருகுமாக எட்டிப் பார்த்த நாளோடு எங்கள் சீசன் முடிந்தது. அதுவரை சுண்ணாம்புக் கோடு கிழித்து, கிழக்கே ஒரு கோல், மேற்கே ஒரு கோல் என்று நாங்கள் ஆண்டுகொண்டிருந்த வயலில் ஏர் இறங்கிவிடும். நிலம் மறுபடி எங்கள் கைக்கு வர வேண்டுமென்றால் தை பிறந்து, சம்பா அறுத்து, வைக்கோலும் போர் ஏறியாக வேண்டும். அப்போதும் நிம்மதி கிடையாது. கதிர் நிற்கும்போதே அதற்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிற ஊர் இது. அறுத்த வயல் வெறுமே கிடக்கிறது என்றால் அதன் சொந்தக்காரர் சோம்பேறியாக இருப்பார், இல்லாவிட்டால் பங்காளியோடு வழக்கில் இருப்பார். அப்படிப்பட்ட புண்ணியவான்கள்தான் அந்நாளில் எங்களுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்.

பள்ளிக்கென்று மைதானம் இல்லாமல் இல்லை. ஐப்பசி அடைமழையில் அதன் பெனால்டி ஏரியாவில் தவளை கத்தும். மற்ற மாதங்களில் அங்கே சீனியர்கள் ஆடுவார்கள். நாங்கள் வெளியே போன பந்தை எடுத்துத் தருவோம்.

டெல்டாவில் சாமியார்கள் பள்ளிக்கூடம் நடத்தியது நெடுங்கதை. நாகப்பட்டினத்தில் 1844இல் இயேசு சபையார் தொடங்கிய கல்லூரியை 1883இல் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அதுதான் இன்றைய தூய வளனார் கல்லூரி. நாங்கள் திருச்சிக்காரர்களிடம் இழக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு 1906 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலை ஒட்டி, அருட்தந்தை ஜார்ஜ் தொமாத்திஸ் தலைமையில் இத்தாலியிலிருந்து வந்த சலேசிய சபையினர் தஞ்சாவூரில் இறங்கினார்கள். இந்தியாவிலேயே அவர்களுடைய முதல் வீடு எங்கள் ஊர்தான். அவர்களுடைய குரு தொன்போஸ்கோ, பிள்ளைகளை ஓடவும் குதிக்கவும் சத்தம் போடவும் தாராளமாக விட்டுவிடுங்கள் என்று எழுதிவைத்துப் போனவர். மைதானத்தைக் கோயிலுக்கு அடுத்தபடியாக மதித்தவர். அப்பேர்ப்பட்டவரின் சீடர்கள் வந்து சேர்ந்தது சம்பா அறுவடை மாதத்தில், அதாவது வயலெல்லாம் மைதானமாக மாறத் தொடங்கும் நேரத்தில் என்பதை வெறும் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 1928இல் அவர்கள் வடக்கே போனார்கள். இங்கே பங்குப் பணி பார்த்த மெதர்லே சாமி சென்னைக்குப் பேராயரானார். 1952இல் தஞ்சை தனி மறைமாவட்டமாயிற்று. ஆனால், மாலையில் வியர்க்காத பையன் ராத்திரி படிக்க மாட்டான் என்கிற எண்ணம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. எழுபதுகளின் கடைசியில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது (எந்தப் பள்ளி என்பது இருக்கட்டும், அங்கே படித்தவர்களுக்குத் தெரியும்) வெள்ளை அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு ஓடிவந்த ஒரு சாமியை நானே பார்த்திருக்கிறேன். அவர் காலில் பந்து இருக்கும்போது பறிப்பது பாவமா என்று ஞானோபதேச வகுப்பில் ஒருவன் கேட்டான். இல்லை என்று பதில் வந்தது. இருந்தும் யாரும் பறிக்கவில்லை.

பந்து என்றால் அன்றைக்குத் தோல் பந்து. ஜலந்தரிலோ மீரட்டிலோ செய்தது என்று அதன்மேல் அச்சடித்திருக்கும். உள்ளே ரப்பர் பிளாடர். சைக்கிள் பம்பால் காற்றடித்து, மூக்கை மடக்கி நூலால் கட்டி, தோலுக்குள் செருகி, வாயை லேஸ் போட்டு இறுக்க வேண்டும். டிரில் மாஸ்டர் இந்த வேலையை யாரை நம்பிக் கொடுக்கிறாரோ அவனுக்கு வகுப்பில் மரியாதையே வேறு. எனக்கு எட்டாம் வகுப்பில் அந்தப் பதவி கிடைத்தது. பதினோரு பேரில் ஒருவனாக இறங்கப் பத்தாம் வகுப்பு ஆயிற்று. பிளாடர் பஞ்சரானால் சைக்கிள் கடைக்காரர் சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டுத் தருவார், காசு வாங்க மாட்டார், அடுத்த மேட்ச் எங்கே என்று மட்டும் கேட்பார். நனைந்த பந்து பறங்கிக்காய் கனம் கனக்கும். அதைத் தலையால் முட்டும்போது லேஸ் போட்ட பக்கம் நெற்றியில் பட்டால் அந்த முடிச்சின் தடம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை வரைக்கும் மறையாது. அதை மறைக்க விரும்பாமல், முடியைப் பின்னுக்குத் தள்ளி வாரிக்கொண்டு, பெண்கள் பள்ளி விடுகிற நேரமாகப் பார்த்து அந்த வாசல் வழியாகவே சுற்றி வீட்டுக்குப் போன பையன் ஒருவன் இருந்தான். அது கொசுக்கடி அல்ல, வீரத்தழும்பு என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்பது அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. இன்றைய பந்தில் லேஸ் இல்லை, தையல்கூட இல்லை, ஒட்டிவிடுகிறார்கள். மழையிலும் வெயிலிலும் ஒரே எடை. யார் நெற்றியிலும் அது எதையும் எழுதிவிட்டுப் போவதில்லை.

பாதி அணிக்கு பூட்ஸ் கிடையாது. அதற்கு டிரில் மாஸ்டரிடம் ஒரு சரித்திரமே இருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு இறங்கிய நம் ஆட்கள் பிரான்சிடம் 2–1 என்று மயிரிழையில்தான் தோற்றார்கள் என்பார். 1952இல் ஹெல்சிங்கிக் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் வாங்கிய பத்து கோலை மட்டும் சொல்ல மாட்டார். அதற்குப் பிறகுதான் அகில இந்தியச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது என்பதையும் சொல்ல மாட்டார். 1950 உலகக் கோப்பைக்கு நாம் போகாததற்கு வெறுங்காலை அனுமதிக்காததே காரணம் என்று கண்கலங்கச் சொல்வார். நாங்களும் கலங்கினோம். உலகக் கோப்பையின் பெருமையை நம் சம்மேளனம் சரியாக உணரவே இல்லை, ஒலிம்பிக்தான் பெரிதென்று நினைத்தது என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அரித்தாள் குத்திய உள்ளங்காலோடு நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கு மாஸ்டரின் பொய் ஒரு கௌரவம் கொடுத்திருந்தது. மெல்போர்னில் 1956இல் நான்காம் இடம் வந்தது மட்டும் சத்தியமான உண்மை. அதைச் சொல்லும்போது அவர் குரல் தானாக இறங்கும், அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை என்பதால்.

வெளியூர் மேட்ச் என்றால் மீட்டர் கேஜ் பாசஞ்சரில் போவோம். கரித்தூள் கண்ணில் விழும், எலுமிச்சம்பழ மூட்டை மாஸ்டர் மடியில் இருக்கும், இடைவேளைக்கு ஆளுக்கு அரை மூடி. எதிரணியும் பெரும்பாலும் ஒரு கத்தோலிக்கப் பள்ளிதான். இரண்டு பக்கமும் வேளாங்கண்ணி மாதாவுக்கே நேர்ந்துகொண்டு இறங்கினால் மாதா யார் பக்கம் நிற்பார் என்பது பெரிய சிக்கல். எங்கள் கோலி நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வான்; ரைட் அவுட் ஆடியவன் நாகூர் ஆண்டவரையும் துணைக்கு அழைப்பான். ஆக எங்கள் பக்கம் மும்முனைப் பாதுகாப்பு. அப்படியும் மாவட்டத்தைத் தாண்டி நாங்கள் போனதில்லை. சுப்ரதோ கோப்பைக்காக டெல்லிக்குப் போகிற அணிகளின் படத்தைச் செய்தித்தாளில் வெட்டி அறைச் சுவரில் ஒட்டியதோடு சரி. தோற்றுத் திரும்பும் சில நாட்களில் சாமி திருவையாற்று அசோகா வாங்கிவந்து வைத்திருப்பார். ஜெயித்தால் கிடையாது. ஜெயித்தவனுக்கு இனிப்பு எதற்கு என்பார்.

முன்னேற்றம் இரண்டு மூன்று வாசல் வழியாக வந்தது. 1978இல் பிளஸ் டூ வந்து மீசை முளைத்த பேக்குகளை எங்களுக்குக் கொடுத்தது; கூடவே பொதுத் தேர்வையும் ஸ்பெஷல் கிளாசையும் கொடுத்து, ஜனவரிக்குள் அதே பேக்குகளைத் திருப்பி வாங்கிக்கொண்டது. டிரில் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. 1983இல் கபில் தேவ் கோப்பையைத் தூக்கிய மறுவாரமே மைதானத்தின் நடுவில் ஸ்டம்பு முளைத்தது. எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஃபாஸ்ட் பௌலர் ஆனான். 1986 ஜூனில், நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், தெருவில் டி.வி. இருந்த வீட்டுத் திண்ணை வரை கூட்டம் நின்று மெக்சிகோ இறுதியாட்டத்தைப் பார்த்தபோது, அத்தனை பேரும் இனிக் கால்பந்துதான் என்று சத்தியம் செய்தோம். காலையில் எழுந்து போனால் வயலில் ஏர் கட்டியிருந்தது.

இன்று பிள்ளைகளுக்குக் கோச் இருக்கிறார், கோலுக்கு வலை இருக்கிறது. வலை இல்லாத காலத்தில் பந்து கம்புக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று அரைமணி நேரம் வாதாடி நாங்கள் கற்ற வழக்காடும் கலையில் பின்னாளில் இருவர் வக்கீலானார்கள்; அந்த வாய்ப்பு இவர்களுக்கு இல்லை. குறுவட்டப் போட்டியில் பெண் பிள்ளைகள் இறங்குகிறார்கள், நன்றாகவும் ஆடுகிறார்கள். 2018இல் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் வாங்கியது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. அதில் எங்களுக்கு வடக்கே கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இருந்தார். எங்கள் காலத்தில் பெண்கள் அந்த வாசலில் நின்று என் நெற்றியைப் பார்க்க வேண்டியவர்கள் என்று மட்டுமே நினைத்திருந்தேன். பார்க்கவும் இல்லை, பிறகு ஆடியும் காட்டிவிட்டார்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள முடியாதது டர்ஃப். நெல்லும் நாற்றுமாகக் கண்ணுக்கு எட்டிய வரை பச்சையைத் தவிர வேறு தெரியாத ஊரில், புறவழிச்சாலை ஓரம் வயலைத் தூர்த்து, சரளை கொட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் புல்லை விரித்து, சுற்றி வலை கட்டி, மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார்கள். மேட்டூர் திறந்தாலும் இங்கே ஆட்டம் நிற்காது. எங்கள் செட்டுக்காரர்கள் ஒரு சனிக்கிழமை இரவு அங்கே கூடினோம். முட்டிக்கு உறை, இடுப்புக்கு பெல்ட், பையில் சர்க்கரை மாத்திரை. ஆளுக்கு இரண்டு நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நின்றோம். ஸ்கோர் 2–2. கார்னர் எடுக்கப் போகும்போது மணி அடித்தது. அடுத்த புக்கிங் பையன்கள் ஒரே நிற ஜெர்சியில் வாசலில் காத்திருந்தார்கள்.

“அங்கிள், டைம் முடிஞ்சிருச்சு. அந்தப் பக்கத்து சின்ன கோர்ட் காலிதான், வேணும்னா அரைமணி நேரம் எக்ஸ்டெண்ட் பண்ணித் தரேன்” என்றான் பொறுப்பில் இருந்த பையன்.

எங்கள் பழைய கோலி, விபூதி அன்றும் இருந்தது, பர்ஸைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “தம்பி, லைட்ட அணைச்சிட்டு ஆடிக்கிறோம், எவ்வளவு கொறைப்ப?”