வேர்வைக்கு வெனிலா வாசனை

வா தம்பி, உக்காரு. திண்ணையில இன்னும் வெயில் ஏறலை. கையில இன்னா, புது வாட்ச்சா? கழட்டு, பாக்கலாம். அடடா! மணிக்கட்டு சோத்துக் கஞ்சியில ஊறினாப்போல வெளுத்துக் கெடக்கு. சுத்தி வேர்க்குரு. பட்டையில இருக்கற கோடெல்லாம் போஸ்டாபீஸ் சீலு மாதிரி பதிஞ்சிருக்கு. இதுக்கு எவ்வளவு குடுத்தே? சொல்லாதே, வேணாம். காலங்காத்தால எனக்கு மாரடைக்கும்.

என் பேரனும் உன்னை மாதிரிதான். ஒரகடத்துல கார் கம்பெனியில வேலை. போன சித்திரையில மூணு ராத்திரி தூங்காம செல்போனையே பாத்துகினு இருந்தான். பொண்ணு கிண்ணு பாக்கறான்னு நெனச்சேன். கேட்டா, "ஸ்ட்ராப்பு பாக்கறேன் தாத்தா"ன்றான். எஃப்.கே.எம்.மா, டி.பி.யு.வா, சிலிக்கோனான்னு ஒரே குழப்பமாம். ரப்பருக்கு இத்தனை இனிஷியலா? எங்க தெருவுல இவ்வளவு எழுத்து வச்சிகினு இருக்கறது போர்டு போட்ட டாக்டருங்கதான். இவன் அம்மா முகூர்த்தப் புடவைக்குக் கலர் முடிவு பண்ண ஒரு சாயங்காலம் ஆச்சு. அதுலயும் பாதி காபிக்குப் போச்சு. கையில கட்டற வாருக்கு மூணு ராத்திரியா?

சரி, கேக்கறதுதான் கேக்கறே, வேர்வையைப் பத்தித் தெரிஞ்சவன்கிட்ட கேளு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல அம்பது வருஷம் தறிக்குழியில கால் விட்டு உக்காந்தவன் நான். காத்தாடியை நேரா வச்சா இழை பறக்கும், அதனால அது ஒரு மூலையைப் பாத்து சுத்தும். எங்களைப் பாக்காது. ஒரு சொட்டு வேர்வை பட்டுல விழுந்தா கறை. சரிகையில இருக்கறது வெள்ளி. வேர்வை உப்பு பட்டா கறுத்துப் போவும். அதுக்குத்தான் மடியில எப்பவும் ஒரு துண்டு. நாடாவைத் தள்ளறதுக்கு முன்னாடி கையைத் துடைக்கக் கத்துக்கணும். எங்க அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்த மொதல் தொழில் அதுதான்.

வேர்வைன்றது இன்னா? உப்பும் தண்ணியும். காத்து காஞ்சிருந்தா தோல்ல இருந்து ஆவியாப் போயிடும், உடம்பு குளுந்துடும். காத்துலயே ஈரம் ரொம்பிக் கெடந்தா அது எங்க போவும்? ரொம்பின குடத்துல ஊத்தினா வழியத்தானே செய்யும்? வழியற அந்த எடத்துல நீ ஒரு ரப்பரை வச்சு இறுக்கிக் கட்டறே. கேட்டா, "இது மூச்சு விடற ரப்பர்னு கடைக்காரர் சொன்னாரு"ன்றே. தம்பி, மூச்சு விடறது ரப்பர் இல்ல, அதுல போட்டிருக்கற ஓட்டை.

இதைக் கடல்ல முங்கறவன் எப்பவோ கண்டுகினான். 1960-கள்லயே ட்ராபிக்னு ஒரு பட்டை. மேல பாய் முடைஞ்சாப்போல இருக்கும், ஊடே வரிசையா ஓட்டை. 1975-ல ஜப்பான் சீக்கோ 600 மீட்டர் ஆழத்துக்குன்னு ஒரு வாட்ச் கொண்டாந்தான். அதோட பட்டையில ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு. ஆழம் போகப் போக முங்குறவன் உடுப்பு அமுங்கும், கை இளைச்சாப்போல ஆவும், பட்டையும் கூடவே சுருங்கணும், அதுக்கு. நியாயமான வேலை. நீ எதுக்குக் கட்டறே? நம்ம வேகவதி ஆத்துல கணுக்கால் நனையறதுக்கே பெருமழை வரணும்.

இப்ப இந்த இனிஷியல் ஆசாமிங்களை ஒவ்வொருத்தனா பாப்போம்.

மொதல்ல மரத்து ரப்பர். கன்னியாகுமரிப் பக்கம் குலசேகரம், கீரிப்பாறைன்னு போய்ப் பாரு. விடியறதுக்கு முன்னாடியே நெத்தியில லைட்டைக் கட்டிகினு பால் வெட்டப் போவாங்க. பட்டையைச் சீவினா சிரட்டையில சொட்டுச் சொட்டா எறங்கும். ஆசிட் ஊத்தி உறைய வச்சு, உருளையில குடுத்து ஷீட் ஆக்கி, புகையில காயப் போடுவாங்க. அந்தப் பச்சை ரப்பர் வெயில்ல பிசுக்குன்னு ஒட்டும், குளிர்ல வெறைச்சுக்கும். 1839-ல சார்லஸ் குட்இயர்னு ஒரு அமெரிக்கக்காரன், கையில காசில்லாத மனுசன், அதுல கந்தகத்தைச் சேத்துச் சூடு காட்டினா நெலையா நிக்கும்னு கண்டான். எங்க பட்டும் அப்படித்தான். கச்சாவா வரும்போது மேல கோந்து. சோப்புத் தண்ணியில வேக வச்சு அந்தக் கோந்தை எடுத்தாத்தான் பட்டு பட்டாவும், கிலோவுக்குக் கிட்டத்தட்ட கால் கிலோ எடையும் போவும். பச்சையா எதுவும் கையில கட்ட லாயக்கில்லை.

மரத்து ரப்பர் கைக்கு இதமா வளையும். ஆனா அதுக்கு எண்ணெய் ஆகாது. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வச்சிகினு அதே கையோட வாட்ச்சைத் தொட்டா மெல்ல ஊதிப்போவும். வெயில்ல கெடந்தா விண்டுபோவும். சில பேருக்கு அந்தப் பால்ல இருக்கற சத்தே ஒத்துக்காது, தடிச்சிடும். அப்புறம் இதுலதான் ஒரு கூத்து. ரப்பர் வாடை தெரியக்கூடாதுன்னு வெனிலா வாசனை சேத்து விக்கிறான். மொத வாரம் ஐஸ்கிரீம் வண்டி கூடவே வராப்போல இருக்கும். ரெண்டாவது வாரம் வெனிலாவும் வேர்வையும் கலந்து அடிக்கும் பாரு, பஸ்சுல பக்கத்துல உக்காந்தவன் எழுந்து நிப்பான்.

அடுத்தவன் சிலிக்கோன். மெத்துன்னு இருப்பான், சூட்டுக்கும் வேர்வைக்கும் அசைய மாட்டான், விலையும் கம்மி. குத்தம் இன்னான்னா, ஊர்த் தூசெல்லாம் அவனுக்குச் சொந்தக்காரன். பேரன் ஒரு நாள் கருப்பு சிலிக்கோன் பட்டையோட என் தறிகிட்ட வந்து பாவு மேல சாஞ்சான். கையைத் தூக்கினா பட்டையில அரக்குச் சிவப்புல ஒரு பஞ்சு, மயில்கழுத்து நெறத்துல ஒரு பஞ்சு. மூணு தடவை தட்டியும் போகல. "தாத்தா, டிசைன் நல்லாருக்கில்ல?"ன்றான். எந்திரிடா அங்கேருந்துன்னேன். இன்னொண்ணு, சிலிக்கோன்ல ஓரத்துல சின்னக் கீறல் விழுந்தா போதும், அப்படியே கிழிஞ்சிகினு போவும்.

டி.பி.யு., பாலியூரித்தேன், ரெசின்னு இன்னொரு கூட்டம். புதுசுல மழமழன்னு அழகா இருக்கும். ஆனா நம்ம ஊரு ஈரத்துக்கும் சூட்டுக்கும் அது சரிப்பட்டு வராது. தண்ணியும் வெப்பமும் சேந்து உள்ள இருக்கற கண்ணியை ஒவ்வொண்ணா அறுக்கும். ஒரு நாள் பிசுபிசுக்கும், ஒரு நாள் பொட்டுன்னு விட்டுடும். கல்யாணத்துக்கு வாங்கின ஷூவை பீரோ மேல வச்சுட்டு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எடுத்தா அடிப்பாகம் அவலாட்டம் உதிருதே, அதே வியாதிதான். எல்லா யூரித்தேனும் ஒரே சாதி இல்ல, நல்லதும் உண்டு. ஆனா எது எதுன்னு விக்கிறவனுக்கே தெரியாது.

கடைசியா வராரு பெரிய மனுசன், எஃப்.கே.எம். ஃப்ளோரின் சேத்த ரப்பர். 1957-ல டூபாண்ட்காரன் வைட்டான்னு பேர் வச்சு விமானத்துக்காகக் கொண்டாந்தான். பேரனோட கம்பெனியிலயே இன்ஜினுக்குள்ள எண்ணெய் கசியாம இருக்க வளையம் போடறாங்களே, அதுலயும் இதே சரக்குதான். 200 டிகிரி சூடு தாங்குமாம். தாங்கட்டும். கத்திரி மே 4-ல தொடங்கி 28 வரைக்கும் கொளுத்தினாலும் நம்ம ஊர்ல 42, 43. காஞ்சிபுரத்துல 200 டிகிரி வந்துச்சுன்னா மணி பாக்க நீ இருக்க மாட்டே தம்பி.

ஆனா இருக்கறதைச் சொல்லணும். எண்ணெய், சோப்பு, வேர்வை எதுக்கும் அசையாது. தூசும் அவ்வளவா ஒட்டாது. சொகுசாத்தான் இருக்கு, நானே கட்டிப் பாத்தேன். அதுலயும் ஒரு விவகாரம் கெளம்பியிருக்கு. 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல நோட்ர டாம் பல்கலைக்கழகத்துக்காரங்க 22 பட்டையைச் சோதிச்சதை வெளியிட்டாங்க. சிலதுல பி.எஃப்.எச்.எக்ஸ்.ஏ.ன்னு சீக்கிரம் மக்காத ஒரு ரசாயனம் எக்கச்சக்கமா இருந்துச்சு. ஃப்ளோரினும் மலிவுப் பட்டையிலவிட விலை கூடினதுலதான் அதிகம். கட்டினவன் கை அழுகிடும்னு அவங்க சொல்லலை. நீயும் பீதியைக் கெளப்பாதே. ஆனா பொன்னூசின்னு யாராவது கண்ணுல குத்திக்குவானா? விலை கூட, அதனால உடம்புக்கு நல்லதுன்னு நெனச்சிகினு இருந்தியே, அதுக்குச் சொல்றேன்.

எஃப்.கே.எம்.னு சொல்லி சிலிக்கோனைத் தலையில கட்டறவனும் உண்டு. சரிகையை எப்படிப் பாப்போம்? நகத்தால சுரண்டுவோம். உள்ள செவப்புப் பட்டு இழை தெரிஞ்சா நல்ல சரக்கு, இல்லன்னா வேற ஜாதி. இதுக்கும் ஒரு வழி இருக்கு. ஒரே அளவுல ரெண்டு பட்டையையும் உள்ளங்கைக்கு ஒண்ணா வை. எஃப்.கே.எம். சிலிக்கோனைவிட ஒண்ணரை மடங்கு கனம் இருக்கும். அப்புறம் ரெண்டையும் கோரைப்பாய் மேல போட்டு ஒரு உருட்டு உருட்டு. எவன் குப்பையை அள்ளிகினு எழுந்திருக்கானோ அவன் சிலிக்கோன். பேரன் மூவாயிரம் குடுத்து வாங்கின "அசல் எஃப்.கே.எம்." பாயில பாதியை அள்ளிகினு வந்துச்சு. அன்னிக்கு அவன் சாப்பிடல. நான் ரெண்டு இட்லி கூட சாப்பிட்டேன்.

விக்கிறவன் இன்னொண்ணும் சொல்லியிருப்பான், தண்ணியிலயே கெடந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு. தண்ணியில கெடந்தும் கெடாதது எங்க ஊர்ல ஒண்ணுதான் தம்பி. அனந்தசரஸ் குளத்துக்குள்ள 40 வருஷம் கெடந்து எழுந்து வராரே, அத்தி வரதர். 1979-ல நான் தரிசனம் பண்ணேன். மாமனார் போட்ட எச்.எம்.டி. ஜனதா கையில. வரிசையில நிக்க நிக்க தோல் பட்டை வேர்வையில ஊறி, சாமியைப் பாக்கறதுக்குள்ள தையல் விட்டு, வாட்ச் வேட்டி மடிப்புல வந்து நின்னுச்சு. 2019-ல ஜூலை 1-லேருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் திரும்ப வந்தாரு. அப்பவும் நின்னேன், அதே ஜனதா, கையில ரப்பர் வாரு. இனிமே 2059-ல வருவாரு. உன் பட்டை அது வரைக்கும் தாங்குமான்னு கடைக்காரனைக் கேளு. மூஞ்சியைப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு.

இவ்வளவு பேசினியே, கை இன்னாத்துக்கு அரிக்குதுன்னு கேக்கறியா? பத்துல எட்டுப் பேருக்கு ரப்பரால இல்ல. குளிக்கறப்ப கழட்ட மாட்டே. சோப்பு உள்ள போய் உக்காரும். அது மேல வேர்வை, அது மேல இறுக்கம். தோல் நாள் பூரா ஊறிக் கெடந்தா புண்ணாகாம இன்னா பண்ணும்? பக்கிள் படற எடத்துல மட்டும் தடிச்சா சங்கதி வேற. அந்த இரும்புல இருக்கற நிக்கல் உனக்கு ஒத்துக்கலைன்னு அர்த்தம். பக்கிளை மாத்து, பட்டையைத் திட்டாதே. மாத்தியும் அடங்கலைன்னா தோல் டாக்டர்கிட்ட போ, செல்போன்கிட்ட போகாதே.

என்னைக் கேட்டா, தறியில, அடுப்படியில நிக்கறவன் சிலிக்கோன் பக்கம் போகாதே. காசிருந்தா நம்பிக்கையான எடத்துல எஃப்.கே.எம். வாங்கு. காசில்லையா, சிலிக்கோனையே வாங்கு, உள்பக்கம் கோடோ ஓட்டையோ இருக்கறதாப் பாத்து வாங்கு, கிழிஞ்சா மாத்திக்கோ. யூரித்தேனைப் பொறந்தநாள் பரிசா எவனாவது குடுத்தா வாங்கிக்கோ, அவ்வளவுதான். மத்தியானம் கை உப்பும், அப்ப ஒரு ஓட்டை தளத்து. பட்டைக்கும் கைக்கும் நடுவுல சுண்டு விரல் போவணும். ராத்திரி கழட்டிக் கழுவிட்டு, துடைச்சு, காத்துல போடு. உன் சட்டையைத் தெனம் தோய்க்கறே இல்ல? அதைவிட ஒட்டிகினு கெடக்கறது இது.

பேரன் இப்ப வீட்டுக்கு வந்ததும் வாட்ச்சைக் கழட்டி என் தறி ஆணியில மாட்டிடறான். எதிர்ல என்னோட ஜனதாவும் தொங்குது. அம்பது வருஷம் ஆவப்போவுது, சாவி குடுத்தா இன்னும் ஓடுது. பட்டை மட்டும் இது ஒம்பதாவது.